அலையில் மட்டும் திணறும் எஞ்சின்: டீசல் ஃபில்டர் எத்தனை மைக்ரான், எப்படி மாற்றுவது?

சுக்கான் கேட்டது:

வணக்கம். பழைய படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். நாலு சிலிண்டர், 50 குதிரைத்திறன் டீசல், மெக்கானிக்கல் பம்ப், எலக்ட்ரானிக் எதுவும் கிடையாது. தண்ணீர் அமைதியாக இருந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அலை இருக்கிற நாளில்தான் தகராறு. புறப்பட்டு அரை மணி நேரம் போனதும் 2,600-ல் நிற்க வேண்டிய ஆர்.பி.எம். 1,800-க்கு இறங்கும், தானாக ஏறும், மறுபடி இறங்கும், கடைசியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டு செல்ஃப் அடித்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சின்னதாக ஒரு ஃபில்டர் இருக்கிறது. மேலே இருந்த எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, கீழே கிண்ணம் எதுவும் இல்லை. எஞ்சின் மேலேயே இன்னொரு ஃபில்டர். எதை எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்கே தெரியவில்லை.

ஒருவர் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான், எண் குறைந்தால் தாள் நெருக்கம்) போடு, அதுதான் சுத்தம் என்கிறார். இன்னொருவர் 30 போதும் என்கிறார். இரண்டுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறதே, எதைக் கேட்பது? லாரி ஃபில்டர் மரை சரியாக உட்காருகிறது, அதையே போட்டால் என்ன? மாற்றிய பிறகு ஏர் லாக் ஆகி, அதாவது குழாய்க்குள் காற்று மாட்டி டீசல் வராமல், ஸ்டார்ட் ஆகாமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எஞ்சின் அறை பதில்:

தம்பி, விடையில் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அலை இருந்தால் வருகிறது, கொஞ்சம் விட்டால் போய்விடுகிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் கோளாறும், அதற்கு டீசலை அழுத்தி அனுப்புகிற இன்ஜெக்‌ஷன் பம்ப் கோளாறும் இப்படி நல்ல நாள் கெட்ட நாள் பார்த்து வராது. எஞ்சினுக்கு டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். டேங்க் அடியில் வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கிற கசடு அலையில் கலங்குகிறது, டீசலோடு வந்து ஃபில்டர் தாளில் அப்புகிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விடுகிறது, அப்பியதில் கொஞ்சம் உதிர்ந்து விழுகிறது, வழி திறக்கிறது. மறுபடி ஸ்டார்ட் ஆவது அதனால்தான்.

ஆனால் ஃபில்டர் வாங்க ஓடுவதற்கு முன்னால் வேறு இரண்டு இடத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டும் இதே அறிகுறியைக் காட்டும்.

ஒன்று, டேங்குக்குக் காற்று போகிற வெண்ட் குழாய். உள்ளே இருக்கிற டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். குளவி மண் வைத்து அடைத்திருக்கும், இல்லை பெயின்ட் அடித்தவர் குழாய் வாயில் இருக்கிற வலையையும் சேர்த்து அடித்திருப்பார். எஞ்சின் திணறும்போதே டீசல் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு எஞ்சினும் தெளிந்துவிட்டால், உங்கள் ஃபில்டர் நிரபராதி.

இன்னொன்று, டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாய். சில டேங்குகளில் அதன் நுனியில் ஒரு சல்லடை வைத்திருப்பார்கள். யார் கண்ணிலும் படாத இடம். அது அடைந்திருந்தால் வெளியே எந்த ஃபில்டரை மாற்றினாலும் பலன் இல்லை. ஃபில்டருக்கு வருகிற ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சைக்கிள் பம்பால் டேங்கை நோக்கி மெதுவாகக் காற்று அடியுங்கள். தடையில்லாமல் உள்ளே குமிழி விடுகிற சத்தம் கேட்க வேண்டும். வாயால் ஊதுகிறேன் என்று டீசலைக் குடித்துவிடாதீர்கள்.

சரி, இப்போது மைக்ரான் விவகாரம். உங்களுக்குச் சொன்ன இருவரும் எந்த ஃபில்டரைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டீர்களா? படகில் இரண்டு ஃபில்டருக்கும் வேலை வேறு வேறு. டேங்குக்குப் பக்கத்தில் இருப்பது, டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்புகிற ஃபீட் பம்புக்கு முன்னால், உறிஞ்சுகிற பக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் மேல் இருப்பது ஃபீட் பம்புக்குப் பின்னால், தள்ளுகிற பக்கத்தில். தள்ளுகிற பக்கத்தில் தாள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் பம்ப் அழுத்தித் தள்ளிவிடும். உறிஞ்சுகிற பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. தடை கூடக் கூட குழாய்க்குள் வெற்றிடம் கூடும். அப்போது எந்த இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அதன் வழியே காற்று உள்ளே போகும். இந்தப் பக்கத்துக் கசிவில் சொட்டு டீசல்கூட வெளியே வராது என்பதுதான் இதில் மோசம். எங்கும் ஈரமே இல்லையே, எப்படிக் காற்று உள்ளே போகிறது என்று ஆளாளுக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

அதனால் என் கட்சி இது: முதல் ஃபில்டரை நெருக்கமாக்காதீர்கள், பெரிதாக்குங்கள். முதலில் 30, டேங்க் சுத்தமான பிறகு 10. எஞ்சின் மேல் இருக்கிற இரண்டாவதற்கு எஞ்சின் புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண், அதில் நம் புத்திசாலித்தனத்துக்கு வேலை இல்லை. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். 30 மைக்ரானே கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பிடிக்கிறது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். இன்னொன்று, இரண்டு டப்பாவில் 10 மைக்ரான் என்று எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. சில தயாரிப்பாளர்கள் அந்த அளவுத் தூசியில் ஒரு பங்கைப் பிடித்தாலே அந்த எண்ணைப் போட்டுவிடுவார்கள், சிலர் கிட்டத்தட்ட முழுவதையும் பிடித்தால்தான் போடுவார்கள்.

அளவுக்கு வருவோம். 50 குதிரைத்திறன் எஞ்சின் முழு லோடில் மணிக்கு 10 முதல் 12 லிட்டர் எரிக்கும். அதை மட்டும் கணக்கில் எடுத்து ஃபில்டர் வாங்கக் கூடாது. எரியாமல் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்குத் திரும்புகிற டீசலும் அதே ஃபில்டரைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. படகில் அதிகம் பார்க்கிற, ரேக்கார் கம்பெனியின் டர்பைன் வகை ஃபில்டரில் 500 என்ற சின்ன மாடலே மணிக்கு 227 லிட்டர் விடும். 900 என்றால் 341. உங்களுக்கு 500 தாராளமாகப் போதும். ஆனால் இடம் இருந்தால் 900 போடுங்கள் என்பேன். தாளின் பரப்பு கூடினால் அடைவதற்கு அத்தனை கசடு வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் கரைக்கு வந்துவிடலாம்.

உள்ளே போடுகிற எலிமென்ட், அதாவது மாற்றக்கூடிய வடிதாள் உருளை, வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். 500-க்கு 2010, 900-க்கு 2040, 1000-க்கு 2020. ஆமாம், பெரியதற்குச் சின்ன எண். யார் வைத்த கணக்கோ, அவசரத்தில் மாற்றி வாங்கி வருகிறவர்கள் நிறைய. எண்ணுக்குப் பின்னால் எஸ்எம் என்றிருந்தால் 2 மைக்ரான், டிஎம் 10, பிஎம் 30. நிறமும் உண்டு: 2 பழுப்பு, 10 நீலம், 30 சிவப்பு.

லாரி ஃபில்டர்: எஞ்சின் மேல் இருப்பதற்கு, எஞ்சினே லாரி வம்சத்திலிருந்து வந்தது என்றால், பாகம் எண் ஒத்துப்போனால் தாராளமாகப் போடலாம். டேங்க் பக்கத்து ஃபில்டருக்கு வேண்டாம். அங்கே தண்ணீர் பிரிந்து இறங்க அடியில் ஒளி ஊடுருவுகிற கிண்ணமும் வடிக்கக் குழாயும் வேண்டும். எஞ்சின் அறையில் வைக்கிற கிண்ணத்துக்கு அடியில் உலோகக் கவசம் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். தீப்பிடித்தால் பிளாஸ்டிக் கிண்ணம் முதலில் உருகி, டேங்கையே நெருப்பில் ஊற்றும். கவசம் இருந்தால் 2.5 நிமிஷம் நெருப்பைத் தாங்க வேண்டும் என்பது சோதனைக் கணக்கு. டீசல் ஹோஸும் ஐஎஸ்ஓ 7840, ஏ1 என்று மேலே அச்சடித்திருப்பதாக இருக்கட்டும்.

மரை சரியாக உட்கார்ந்தால் போதும் என்று ஆயில் ஃபில்டரை மட்டும் டீசலுக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்குள் பைபாஸ் வால்வு இருக்கும். அடைத்துக்கொண்டால் வடிகட்டாமலே உள்ளே அனுப்பிவிடும்.


பாய்மரம் பதில்:

எஞ்சின் அறை சார் சொல்வதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் முதல் ஃபில்டரிலேயே 2 மைக்ரான்தான் போடுகிறேன். காரணம் இருக்கிறது. எல்லா அழுக்கும் அங்கேயே நின்றுவிட்டால் எஞ்சின் மேல் இருப்பதைக் கடலில் தொடவே வேண்டியதில்லை. முதல் ஃபில்டரை மாற்ற மூடியைத் திறந்து, எலிமென்ட்டை எடுத்து, புதிதை வைத்து, டீசல் ஊற்றி மூடினால் முடிந்தது. எஞ்சின் மேல் இருப்பதை மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும், அதுவும் படகு உருண்டுகொண்டிருக்கும்போது, சூடான எஞ்சின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு. எளிதாக மாற்றக்கூடியது முதலில் அடைக்கட்டும் என்பது என் கணக்கு.


எஞ்சின் அறை பதில்:

பாய்மரம், நீங்கள் சொல்வது நியாயமான வாதம். எனக்கே அதில் சபலம் உண்டு. ஆனால் உங்கள் டேங்க் சுத்தம், ஃபில்டர் பெரியது, பக்கத்தில் உறிஞ்சலை அளக்கிற வேக்யூம் கேஜும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த மூன்றும் இருந்தால் 2 மைக்ரான் ஓடும். தம்பிக்கு மூன்றில் ஒன்றும் இல்லை. இந்த டேங்கில் 2 மைக்ரானைப் போட்டால் துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் அடைத்துக்கொள்ளும்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் எஞ்சின் என்றால் நானும் இவ்வளவு தாராளமாகப் பேச மாட்டேன். அங்கே ரெயில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல், 2,000 வரைக்கும்கூடப் போகும். இன்ஜெக்டருக்குள் இருக்கிற இடைவெளியோ இரண்டு மூன்று மைக்ரான்தான். அங்கே தயாரிப்பாளர் சொன்ன இரண்டு எண்ணையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்ற வேண்டும். பழைய மெக்கானிக்கல் இன்ஜெக்டர் 150 முதல் 250 பாரில் திறக்கிற ஆசாமி. தூசியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வான், தண்ணீரைப் பொறுக்க மாட்டான்.


சுக்கான்:

மிக்க நன்றி. மூடியைத் திறந்து பார்த்தேன், காற்றுச் சத்தம் எதுவும் இல்லை. பம்பால் அடித்தபோது குமிழி விடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பிறகு டேங்க் அடியில் இருக்கிற வடிகுழாயைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர், அதற்கு மேல் டீசல், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, ஊறிய டீத்தூள் மாதிரி ஏதோ ஒன்று. பாட்டிலைச் சாய்த்தால் அது தண்ணீரோடும் போகவில்லை, டீசலோடும் போகவில்லை, நடுவிலேயே வழுக்கிக்கொண்டு நிற்கிறது. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பு. இது என்ன?


எஞ்சின் அறை பதில்:

அது உயிருள்ளது, தம்பி. பூஞ்சையும் பாக்டீரியாவும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் குடியிருக்கும். தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும். தண்ணீர் இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பு இல்லை. பயோடீசல் கலந்த எரிபொருள் தண்ணீரை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடித்து வைக்கும், அதனால் இப்போது இந்தத் தொல்லையும் கூடியிருக்கிறது.

மருந்து ஊற்றலாம், பயோசைட் என்று கிடைக்கும். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் தண்ணீரையும் இந்தச் சளியையும் முடிந்தவரை வடித்து எடுங்கள், அதற்குப் பிறகு மருந்து. அப்படியே மருந்தை ஊற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் செத்து, பொதிபொதியாகப் பிரிந்து நேராக ஃபில்டருக்கு வரும். டேங்குக்கு ஆள் கை நுழைகிற வாசல் இருந்தால் திறந்து துடைத்து எடுப்பதுதான் உத்தமம். வாசல் இல்லை என்றால், அடியைத் தொடுகிற குழாயை இறக்கிப் பம்பு வைத்து, ஃபில்டர் வழியாகச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு டீசலைத் தெளிய வைக்க வேண்டும்.

தண்ணீரைக் கரைத்துவிடும் என்று சொல்லி விற்கிற மருந்துகளில் கவனமாக இருங்கள். தண்ணீரை டீசலோடு கலக்கவைக்கிற சரக்கு தண்ணீரைப் பிரிக்கிற கிண்ண ஃபில்டரின் (வாட்டர் செபரேட்டர்) வேலையையே கெடுத்துவிடும். பிரிந்து கிண்ணத்தில் இறங்க வேண்டிய தண்ணீர் டீசலோடு இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போகும். அந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், வேறு மசகு கிடையாது.

தண்ணீர் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். டெக்கில் டீசல் ஊற்றுகிற மூடியின் ஓ-ரிங் வெடித்திருக்கும். பத்தில் எட்டுப் படகில் அந்த ரப்பரை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மூடிக்கு மேல் மழைத் தண்ணீர் தேங்கி நின்றால் நேரே டேங்கில்தான்.

இப்போது மாற்றுகிற வேலை. டேங்கைச் சுத்தம் செய்த பிறகு புதிய கிண்ண ஃபில்டரைப் பொருத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் டேங்க் வால்வை மூடுங்கள். ஃபில்டருக்கு அடியில் ஒரு தட்டும் துணியும். எஞ்சின் பவுண்டேஷன் ரப்பர் மேல் டீசல் சொட்ட விடாதீர்கள், ரப்பர் ஊதிப்போய் பொலபொலத்துவிடும், பிறகு அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கிண்ணத்தின் அடிக் குழாயைத் திறந்து வடியுங்கள். மேல் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் காற்று போய் நன்றாக வடியும். வடிந்ததைத் தூக்கி ஊற்றிவிடாமல் ஒரு கண்ணாடியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் உருண்டை உருண்டையாக அடியில் ஓடும். ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துவந்தால் டேங்கின் நிலைமை தானாகத் தெரியும்.

எலிமென்ட்டைச் சுற்றியபடியே மெல்ல இழுத்து எடுத்து நேராக ஒரு பைக்குள் போடுங்கள். கிண்ணத்தை டீசலாலோ சோப்புத் தண்ணீராலோ துடையுங்கள், தின்னர் பக்கமே போகாதீர்கள். அந்த ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் தின்னர் பட்டால் நுண்ணிய விரிசல் விடும், அது அப்போது தெரியாது. சோப்புத் தண்ணீர் போட்டால் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.

அடுத்தது கேஸ்கெட். பழையது மூடிப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே புதிதை வைத்து இறுக்குகிறவர்கள் உண்டு. இரண்டு கேஸ்கெட் சேர்ந்தால் கசியாமல் இருக்கும் என்று தோன்றும், நிச்சயம் காற்றை உள்ளே இழுக்கும். பள்ளத்துக்குள் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். புதிய ரப்பருக்கு ஒரு சொட்டு சுத்தமான டீசல் தடவி உட்காரவையுங்கள். மூடுவதற்கு முன் கிண்ண ஃபில்டரை விளிம்பு வரை டீசலால் நிரப்புங்கள். இதில் அளவு குறைந்தால் அவ்வளவு காற்றும் எஞ்சினுக்குத்தான் போகும். மேல் கைப்பிடியைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கி மூடியை உடைக்கிறவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

எஞ்சின் மேல் இருக்கிற இரண்டாவது ஃபில்டரில் இந்த ஊற்றுகிற வேலை வேண்டாம். நடு ஓட்டை வழியாக ஊற்றினால் அது வடிகட்டிய பக்கம், கேனில் இருக்கிற தூசி நேராக இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போகும். காலியாகவே மாட்டி, கேஸ்கெட் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் இறுக்கி, கைப்பம்பால் நிரப்புவதுதான் முறை. டப்பா மேலேயே எவ்வளவு சுற்று என்று எழுதியிருப்பார்கள், அதுதான் கணக்கு.

ஏர் எடுப்பது பயப்படுகிற விஷயமே இல்லை. ஃபில்டர் தலையில் காற்றை வெளியே விடுகிற பிளீட் ஸ்க்ரூ இருக்கும், அதை ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். ஃபீட் பம்பின் பக்கத்தில் இருக்கிற சின்ன நெம்புகோலைக் கையால் அடியுங்கள். முதலில் வெறும் காற்று, அப்புறம் நுரை, அப்புறம் குமிழியும் டீசலும் கலந்து, கடைசியில் தெளிவாக ஒரே இழையாக டீசல் வரும். அந்த இழை வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள், அடிப்பதை நிறுத்திய பிறகு மூடக் கூடாது. நெம்புகோல் கொழகொழவென்று வேலையே செய்யாத மாதிரி இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே இருக்கிற கேம் உச்சியில் நின்றிருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் கையில் எதிர்ப்பு வரும், அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப் மேல் இருக்கிற பிளீட் ஸ்க்ரூவுக்கும் இதே வேலை. பெரும்பாலும் இதோடு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால் இன்ஜெக்டர் குழாய் நட்டு இரண்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். டீசல் துப்பத் தொடங்கியதும் இறுக்குங்கள். அந்த இடத்தில் கையை வைக்காதீர்கள், முகத்தையும் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரிக் கேஸ்.

எந்த இணைப்பிலும் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பிசிறு ஒன்று உள்ளே போனால் அது பம்புக்குத்தான். குழாயை இணைக்கிற, நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுக்குப் புதிய செப்பு வாஷர் போட்டால் டேப்புக்கு அவசியமே வராது.


அணியம் பதில்:

எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏர் எடுக்கும்போது நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டி வந்தால், கடல் தண்ணீர் உள்ளே வருகிற வால்வை மூடிவிட்டு அடியுங்கள். எஞ்சின் ஓடாமல் சுற்றும்போதும் தண்ணீர் பம்ப் வேலை செய்யும். தண்ணீர் சைலன்சரில் நிறைந்துகொண்டே போகும். அதை வெளியே தள்ளுகிற அளவுக்குப் புகை இல்லை. நிறைந்து வழிந்தால் எக்ஸாஸ்ட் வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆன அந்த நொடியே வால்வைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கருகும். சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள், மறக்காமல் இருக்க. செல்ஃபையும் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள், இடையில் ஆற விடுங்கள்.


சுக்கான்:

சிவப்புத் துணி கட்டிவிட்டேன். டேங்கில் வாசல் இருக்கிறது, பலகைக்கு அடியில் மறைந்திருந்தது. திறந்து துடைத்து எடுத்தோம். 30 மைக்ரான் போட்டு ஓட்டிப் பார்த்தேன், அலையிலும் 2,600 அசையவில்லை. ஒரே ஒரு சந்தேகம். ஃபில்டருக்குப் பிறகு ஒரு துண்டு ஒளி ஊடுருவுகிற ஹோஸ் போட்டுப் பார்த்தேன், முழு வேகத்தில் அதில் சின்னச் சின்னக் குமிழி வருகிறது. ஐடிலில் வருவதில்லை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா? வேக்யூம் கேஜ் பற்றியும் சொன்னீர்கள், அதை எப்படிப் படிப்பது?


எஞ்சின் அறை பதில்:

விட்டுவிடாதீர்கள். முழு வேகத்தில் மட்டும் வருகிறது என்றால், உறிஞ்சல் கூடும்போது எங்கேயோ வழி கிடைக்கிறது என்று அர்த்தம். டேங்கிலிருந்து ஃபில்டர் வரைக்கும் ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பாகப் பாருங்கள். பழைய ஹோஸ் நுனியில் கல்லாகக் கெட்டித்துப்போயிருந்தால் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, வெட்டி எறிந்துவிட்டுப் புதிய துண்டு போடுங்கள். கிண்ணத்தின் அடிக் குழாயையும் சந்தேகப்படுங்கள், அதன் சின்ன ரப்பரில் ஒரு மண் துகள் உட்கார்ந்தால் போதும். எங்கே என்று பிடிபடவில்லை என்றால், சுத்தமான டீசல் நிறைந்த கேன் ஒன்றை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் வைத்து, டேங்க் பக்க ஹோஸைக் கழற்றி அந்தக் கேனிலிருந்து ஃபில்டருக்கு டீசல் விடுங்கள். இப்போது உறிஞ்சல் இல்லை, டீசல் தானாக இறங்கும். காற்று எடுத்த இடம் ஃபில்டரிலோ அதற்குப் பிறகோ இருந்தால் அங்கே டீசல் சொட்டும், உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். எங்கும் ஈரம் இல்லை, குமிழியும் நின்றுவிட்டது என்றால் கேடு டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில். அந்த ஒளி ஊடுருவுகிற ஹோஸ் சோதனைக்கு மட்டும்தான், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், நெருப்பைத் தாங்காது.

கேஜை முதல் ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் பொருத்துங்கள். டி-கைப்பிடிக்குப் பதிலாகத் திருகுகிற மாதிரி கேஜ்களும் ரேக்காருக்குக் கிடைக்கின்றன. புதிய எலிமென்ட் போட்ட அன்றைக்கு, லோடில், முழு வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதரச அங்குலத்தில் ஒன்று, இரண்டு என்று இருக்கும். கேஜ் கண்ணாடி மேலேயே மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து நாலைந்து அங்குலம் ஏறினால் எலிமென்ட்டை மாற்றுகிற நேரம். ஐடிலில் பார்த்த அளவுக்கு மதிப்பில்லை, அப்போது எந்த ஃபில்டரும் நல்ல பிள்ளையாக இருக்கும். உச்சத்தைத் தொட்ட இடத்திலேயே நிற்கிற இரண்டாவது முள் வைத்த கேஜ் கிடைத்தால் அதை வாங்குங்கள், நீங்கள் சுக்கானில் நிற்கும்போது கீழே நடந்ததையும் சொல்லும்.

முள் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் விழுந்தால் அடைப்பு கேஜுக்குப் பின்னால், எஞ்சின் மேல் ஃபில்டரில். முள் ஏறியும் புதிய எலிமென்ட் போட்டும் இறங்கவில்லை என்றால் அடைப்பு ஃபில்டருக்கு முன்னால், ஹோஸிலோ டேங்க் வால்விலோ.

30 மைக்ரான் எலிமென்ட் ஒரு டஜன் வாங்கி வையுங்கள், துடைத்த டேங்கிலும் மூலையில் ஒட்டியிருந்தது இன்னும் கொஞ்ச நாளைக்கு உதிர்ந்து வரும். கிண்ணத்தில் கறுப்பு வருவது நின்ற பிறகு 10-க்கு மாறுங்கள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை அல்லது 200 மணி நேரம், எது முன்னால் வருகிறதோ அப்போது. பழைய எலிமென்ட்டையும் வடித்த டீசலையும் பில்ஜில் (தண்ணீர் தேங்குகிற படகின் அடிவயிறு) ஊற்றாதீர்கள், பில்ஜ் பம்ப் அதைக் கடலுக்கு அனுப்பிவிடும். கேனில் கட்டி, துறைமுகத்தில் கழிவு எண்ணெய் வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.


சுக்கான்:

பிடித்துவிட்டேன். டேங்க் வால்வுக்கு மேலே இருக்கிற ஹோஸ் நுனிதான், கையால் சுற்றினாலே சுற்றியது. ஒரு விரல் நீளம் வெட்டிவிட்டு இரண்டு கிளிப் போட்டேன். குமிழி இல்லை. கேஜ் ஆர்டர் போட்டிருக்கிறேன்.